அடங்கவில்லை, மிகவும் அடங்கவில்லை

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் இந்தத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் கிளாஸ் லீடர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் பேசுகிறவர்கள் பெயரை எழுதுவான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் 'அடங்கவில்லை'. அதற்கும் மேலே போனால் 'மிகவும் அடங்கவில்லை'. கடைசிப் பட்டம் 'மி.மி.அ.', அதாவது மிக மிக அடங்கவில்லை. நானும் ஆறாம் வகுப்பில் லீடராக இருந்து, ஒரு தேன்மிட்டாய்க்குப் பெயரை அழித்துக் கொடுத்தவள்தான். அந்தப் பட்டியலில் நானே ஒருநாள் ஏறுவேன் என்று நினைத்ததில்லை. டீச்சராக வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதத்தில் ஏறினேன்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் மெட்ரிக் பள்ளியில்தான் முதல் வேலை. பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் பி.எட். சம்பளம் 11,000 ரூபாய். அறிவியல் பாடமும் 7பி வகுப்பின் பொறுப்பும் கொடுத்தார்கள். 44 பிள்ளைகள். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன், நேர்முகத் தேர்வில் கேட்கத் தைரியம் வரவில்லை. பி.எட். இரண்டு வருடமாக ஆன பிறகு படித்தவள் என்பதால், பயிற்சிக்காகப் பள்ளியில் வாரக்கணக்கில் பாடம் எடுத்த அனுபவம் இருந்தது. அங்கே வகுப்பு அவ்வளவு அமைதியாக இருக்கும். எனக்குப் பாடம் நடத்த வருகிறது என்று நம்பிவிட்டேன். பின்னால் ஒரு நாற்காலியில் அவர்களுடைய வழக்கமான சார் உட்கார்ந்திருந்ததையும், பிள்ளைகள் அமைதியாக இருந்தது அவருக்காகத்தான் என்பதையும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை. பயிற்சிக்குப் போகிறவர்கள் அந்த சாரிடம் ஒரு வாரம் மட்டும் வெளியே இருக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தோற்பதென்றால் அங்கேயே தோற்பது நல்லது, சம்பளம் பிடிக்க மாட்டார்கள்.

ஸ்டாஃப் ரூமில் முதல் நாளே சொன்னார்கள்: "முதல் மாசம் பல்லைக் காட்டாதீங்க மிஸ்." நான் காட்டினேன். அக்கா மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் சத்தம் மெல்ல ஏறியது. எங்கள் வகுப்புக்கும் 7ஏக்கும் நடுவே முழுச் சுவர் கிடையாது, தோள் உயரத்துக்கு ஒரு தடுப்புத்தான். அந்தப் பக்கத்து மிஸ் டஸ்டரால் தடுப்பைத் தட்டுவார். தட்டும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். ஆகஸ்டில் கரஸ்பாண்டென்ட் ரவுண்ட்ஸ் வந்து வாசலில் நின்று, பிள்ளைகள் முன்னாலேயே, "என்ன மிஸ், சந்தக்கடை மாதிரி இருக்கு" என்றார். 44 பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்கும் உறுதியானது என்று நினைக்கிறேன்.

பிறகு நான் செய்யாத வித்தை இல்லை. முதலில் மிரட்டல். "இன்னொரு தடவை பேசினா வெளியே நிக்கணும்." இன்னொரு தடவை பேசுவார்கள். வெளியே நிற்க வைத்தால் கரஸ்பாண்டென்ட் பார்ப்பாரே என்று நான் நிற்க வைக்க மாட்டேன். ஒரு நாளைக்கு இப்படி இருபது முறை. பிறகு இம்போசிஷன், நூறு தடவை. இரண்டு பேனாவை ரப்பர் பேண்டில் கட்டி ஒரே இழுப்பில் இரண்டு வரி எழுதினார்கள். அதையும் நான் வாங்கித் திருத்த மறந்துவிடுவேன், எழுதாதவனுக்கும் எழுதினவனுக்கும் ஒரே கதி. எழுதி வந்த பையன் ஒருவன் "மிஸ், இம்போசிஷன்" என்று நீட்டியபோது, "அப்புறம் வை" என்று சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் ஸ்டார் ஸ்டிக்கர். இரண்டு மாதத்தில் ஸ்டிக்கருக்கும் பேனாவுக்கும் சாக்லேட்டுக்கும் என் கைக்காசு 1,400 ரூபாய் போனது. செப்டம்பரில் ஒரு பெண் பிள்ளை கரும்பலகையை அழிக்கச் சொன்னதற்கு, "அழிச்சா என்ன மிஸ் தருவீங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விலை விசாரித்தாள். அதோடு ஸ்டிக்கரை நிறுத்தினேன்.

அபராதம் அதைவிட மோசம். பேசினால் 2 ரூபாய் உண்டியலில் போட வேண்டும் என்றேன். மூன்றாம் நாள் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், அப்பாவுக்கு ஊரில் ஹார்டுவேர் கடை, ஐம்பது ரூபாய் நோட்டை மேசையில் வைத்துவிட்டு, "இந்த வாரத்துக்கு மொத்தமா வெச்சுக்கோங்க மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டு கத்தினேன். பேச்சுக்கு நான் ஒரு விலை வைத்தேன், அவனுக்கு அது கட்டுப்படியானது, வாங்கிக்கொண்டான். கட்ட முடியாத பிள்ளைகள்தான் வீட்டில் திட்டு வாங்கினார்கள். வகுப்பில் காசு வசூலிக்கவே வசூலிக்காதீர்கள். அந்த உண்டியல் கணக்குக்கு நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் செய்தேன். யார் சத்தம் போட்டார்கள் என்று தெரியாததால் ஒருநாள் பீரியட் முழுக்க மொத்த வகுப்பையும் நிற்க வைத்தேன். சத்தம் போட்டவர்கள் நான்கைந்து பேர், அவர்களுக்கு அது வேடிக்கை. முதல் பெஞ்ச்சில் எப்போதும் என் பக்கம் இருந்த பிள்ளைகள் அன்று என்னைப் பார்த்த பார்வை வேறு. அதற்குப் பிறகு அவர்களும் எனக்காக யாரையும் 'உஷ்' சொல்லவில்லை.

அடித்ததையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் கடைசியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியட். மூன்றாவது பெஞ்ச் பையன் திரும்பிப் பேசினான். ஸ்கேலை எடுத்துக் கையில் இரண்டு அடி. அவன் அழவில்லை, என்னை ஏறிட்டுப் பார்த்தான். பக்கத்திலிருந்தவன் மெதுவாகச் சொன்னான்: "மிஸ், எந்தப் பக்கம்னு நான்தான் கேட்டேன். அதைத்தான் சொன்னான்." 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை உடலாலும் மனதாலும் தண்டிப்பதைத் தடை செய்கிறது. பி.எட். தேர்வில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மறுநாள் அவனுடைய அம்மா வந்தார், மில்லில் நைட் ஷிப்ட் முடித்து நேராக. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று கை நடுங்கியது. அவர் சொன்னது: "நல்லா இன்னும் ரெண்டு போடுங்க மிஸ். கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க. படிச்சா போதும்." அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெற்றோர் கொடுக்கும் இந்த அனுமதியை நம்பி யாரும் கை ஓங்காதீர்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை. பையன் மனதிலும் இல்லை. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் தனியாக. அடித்தது 43 பேர் முன்னால் என்பதால் மன்னிப்பும் அவர்கள் முன்னால்தான் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தைரியம் அப்போது வரவில்லை.

அக்டோபரிலிருந்து தொண்டை கட்டத் தொடங்கியது. வெந்நீர், மிளகு, கற்கண்டு, பனங்கல்கண்டுப் பால் எல்லாம் ஆனது. ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு இடுப்பில் கட்டும் மைக் ஒன்று வாங்கினேன். என் குரல் பெரிதானதும் அதற்கு மேலே பேச அவர்களும் குரலை உயர்த்தினார்கள். பக்கத்து மிஸ் இந்த முறை தடுப்பைத் தட்டவில்லை, நேராக வந்தே சொல்லிவிட்டார். நவம்பரில் ஒருநாள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். லீடரிடம் "பேசறவங்க பேரை எழுது" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கரும்பலகை ஓரத்தில் ஏழெட்டுப் பெயர்கள். அதற்கெல்லாம் மேலே, வேறு கையெழுத்தில், '1. மிஸ் – மி.மி.அ.'. யார் எழுதியது என்று கேட்கக்கூட என்னிடம் குரல் இல்லை. அழித்துவிட்டு ஆசிரியர்கள் கழிப்பறையில் போய் அழுதேன். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது, எழுதியவன் பொய் எழுதவில்லை. அந்த அறையில் அதிகமாகச் சத்தம் போடுவது நான்தான்.

மறுநாள் குரல் சுத்தமாக இல்லை. மதுரையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். குரல் நாணில் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது, பேசவே கூடாது என்றார். கிசுகிசுவென்று பேசினால் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன். அதுவும் குரலைச் சிரமப்படுத்துமாம், அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் கூடாதாம். மூன்று முறை போய் வந்ததில் ஃபீஸ், மருந்து, பஸ் எல்லாம் சேர்ந்து 4,300. பன்னிரண்டு நாள் லீவுக்குச் சம்பளப் பிடித்தம் 4,400. ஸ்டிக்கரையும் மைக்கையும் சேர்த்தால் 11,950 ரூபாய். ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே, பிள்ளைகளை அடக்குவதற்கு மட்டும்.

டிசம்பரில் திரும்பியபோது நீளமாகப் பேச முடியாது. அதே 7பிக்குக் கணக்கு எடுக்கும் மிஸ் என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவர் பீரியடில் மட்டும் அந்த வகுப்பு வேறு வகுப்பாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அந்தப் பொறாமையில் அவரிடம் ஒழுங்காகப் பேசியதுகூட இல்லை. வெட்கத்தை விட்டு, பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "வாங்க மிஸ். ஆனா பசங்ககிட்ட எதுவும் பேசக் கூடாது" என்றார். ஆறு பீரியட் பார்த்தேன். அவர் கண்டிப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் போனேன். ஆறு பீரியடில் அவர் கண்டித்தது மூன்றோ நான்கோ தடவை, அதுவும் ஒரு பார்வை, இல்லையென்றால் பெஞ்ச் அருகில் போய் நின்று பாடத்தைத் தொடர்வது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூன்றாவது பீரியடில்தான் நான் பார்க்க வேண்டியது வேறு என்று புரிந்தது. பிள்ளைகள் உட்காரும்போதே கரும்பலகையில் இரண்டு கணக்கு இருக்கும், அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அட்டெண்டன்ஸ் முடிந்துவிடும். நானோ உள்ளே போய், அந்த நீள 'குட் மார்னிங் மிஸ்ஸ்ஸ்' பாட்டு முடிந்து, குனிந்து ரெஜிஸ்டரில் எழுதி, சாக்பீஸ் தேடி எழுவதற்குள் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் 44 பேருக்கும் வேலை இல்லை. அவர் வகுப்புக்கு முதுகைக் காட்டி எழுதுவதே இல்லை, பக்கவாட்டில் நின்று எழுதுவார். நோட்டுகளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார், பெஞ்ச் வாரியாக அடுக்கி ஓரத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். ஒரு வேலை சொன்னால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம், முடித்தவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும், மூன்றையும் சேர்த்தே சொல்வார். நான் மூன்றாவதைச் சொன்னதே கிடையாது. என் வகுப்பில் சத்தத்தைத் தொடங்கியது மக்குப் பிள்ளைகள் இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த கெட்டிக்காரப் பிள்ளைகள்.

பி.எட். நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் எல்லாம் அதில் இருந்தது. ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க ஆய்வாளர், தப்பு நடந்த பிறகு ஆசிரியர் கண்டிக்கும் விதத்தில்தான் வித்தியாசம் இருக்கும் என்று தேடிப் போனார். அதில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அமைதியான வகுப்புகளில் ஆசிரியர் தப்பு நடப்பதற்கு முன்பு என்ன செய்கிறார் என்பதுதான் வேறாக இருந்தது. 1970இல் வெளிவந்த ஆய்வு. நான் அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்திருந்தேன். ஆறு மாதம் என் உழைப்பெல்லாம் சத்தம் வந்த பிறகுதான் நடந்தது.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் முதல் நாள் பாடம் எடுக்கவில்லை. "இவ்வளவு நாள் நான் நிறையக் கத்திட்டேன், இனிமே கத்தப் போறதில்ல. தொண்டையும் இல்ல" என்றேன். சிரித்தார்கள். நோட்டு கொடுப்பதை ஒரு பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்து, கடிகாரத்தை வைத்துப் பழகினோம். முதல் முறை நான்கு நிமிடம். அந்த வாரக் கடைசியில் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. நேரம் பார்ப்பது அவர்களுக்கு விளையாட்டு, "மிஸ், இன்னொரு தடவை" என்று கேட்டார்கள். வகுப்புக்குள் வருவது, லேபுக்குப் போவது, குழுவாக உட்கார்வது எல்லாம் இப்படித்தான். 'ஒழுங்கா இருங்க' என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஒழுங்கு என்றால் என்ன, கை எங்கே, நோட்டு எங்கே, எந்த அளவு குரலில் பேசலாம் என்று ஒரு தடவைகூட செய்து காட்டியதில்லை. ஒளிச்சேர்க்கையை நான்கு பீரியட் எடுத்தவள், இதற்கு அரை பீரியட் ஒதுக்கவில்லை. பாடம் பின்தங்கும் என்று பயப்படாதீர்கள். எனக்கு மூன்று நாள் போனது, பிப்ரவரிக்குள் அது திரும்பி வந்துவிட்டது.

பெயர்களும் முக்கியம். ஆறு மாதம் ஆகியும் எனக்குத் தெரிந்தது ரேங்க் எடுப்பவர்கள் பெயரும் தலைவலி கொடுப்பவர்கள் பெயரும்தான். மற்றவர்கள் 'ஏய்', 'மூணாவது பெஞ்ச்'. உட்காரும் வரிசையைப் படமாக வரைந்து பெயர் எழுதி, பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். கடைசி பெஞ்ச் பையன் ஒருவனைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டபோது அவன் திடுக்கிட்டு எழுந்தது நினைவிருக்கிறது. கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்புகளில் பதிவு செய்து பார்த்ததில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி பொறுத்தால் கூடுதல் பேர் பதில் சொன்னார்கள், பதில்களும் நீண்டன. மூன்று நொடி அமைதி எனக்கு முதலில் மூன்று நிமிடமாகத் தெரிந்தது. மனதுக்குள் எண்ணிப் பழகினேன்.

பாத்ரூம் விஷயம் சின்னது போலத் தெரியும், அதுவே பாதி பீரியடைத் தின்றுவிடும். ஒருவனை விட்டால் பத்துப் பேர் எழுவார்கள் என்று நான் யாரையும் விடாமல் இருந்தேன். பெண் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கொடுமை என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். இப்போது மேசை ஓரத்தில் ஒரு மரக்கட்டை இருக்கும். அது இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், என்னிடம் கேட்க வேண்டாம். இல்லையென்றால் வெளியே போனவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவசரமென்றால் கை காட்டினால் போதும். முதல் இரண்டு நாள் கட்டைக்குப் போட்டி இருந்தது, பிறகு அதை யாரும் சட்டை செய்யவில்லை.

வீட்டுக்கு போன் செய்வதைப் பற்றி. டீச்சர் போன் என்றதும் நம் ஊர் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மிஸ் பண்ணான்?". நான் அடித்த பையனின் அம்மாவுக்கு பிப்ரவரியில் போன் செய்து, மின்சுற்றுச் செய்முறையை அவன் குழுதான் முதலில் முடித்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வேற ஒண்ணும் இல்லையா மிஸ்?" என்றார். வேறு ஒன்றும் இல்லை என்றேன். வாரத்துக்கு இரண்டு போன் இப்படிச் செய்துவைத்தால், பின்னால் ஒரு புகாருக்காகப் பேச வேண்டி வரும்போது அவர்கள் காது கொடுப்பார்கள். கண்டிக்க வேண்டியதையும் வகுப்பு முன்னால் வைத்துக்கொள்ளாமல், பீரியட் முடிந்து வராண்டாவில் இரண்டு நிமிடம் பேசினால் போதும். பன்னிரண்டு வயதுப் பையன் 43 பேர் முன்னால் தோற்க மாட்டான், நீங்கள்தான் தோற்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு செய்தும் 7பி கடைசிவரை முழுதாக என் கைக்கு வரவில்லை. ஆறு மாதம் என் சொல்லுக்கு மதிப்பில்லை என்று அவர்களுக்கு நானே பழக்கிவிட்டிருந்தேன், மூன்று மாதத்தில் அது போகாது. மழை வந்தால், பி.டி. பீரியட் ரத்தானால், பழைய சந்தைக்கடைதான். உண்மையான வித்தியாசம் அடுத்த ஜூனில் புது வகுப்போடு முதல் நாளிலிருந்து தொடங்கியபோதுதான் தெரிந்தது. கரஸ்பாண்டென்ட் இன்னமும் ரவுண்ட்ஸ் வருகிறார். குழு வேலை நடக்கும்போது எழும் சத்தத்துக்கும் சந்தைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது, அதை நான் இப்போது மனதில் வைத்துக்கொள்வதில்லை. பெயர் எழுதும் வேலையை லீடரிடமிருந்து எடுத்துவிட்டேன். தினமும் பலகையில் முதல் கேள்வியை எழுதுவதுதான் இப்போது அவனுக்கு வேலை.

இந்த வருடம் என் 7ஏயில், அந்த ஐம்பது ரூபாய் நோட்டுப் பையனின் தம்பி இருக்கிறான். அண்ணன் இப்போது ஒன்பதாவது. போன வாரம் சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டான். "மிஸ், நீங்க கத்தவே மாட்டீங்களாமே, தம்பி சொல்றான். எங்களை மட்டும் ஏன் மிஸ் அப்படிக் கத்தினீங்க?"

"அப்ப எனக்குத் தெரியலடா" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பரவால்ல மிஸ், ஜாலியாத்தான் இருந்துச்சு" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.